ஊசியும் நூலும் கொண்டு ஊரை உயர்த்தியவர்: புனித மரிய தொமினிக்கா மசரெல்லோ

உங்கள் வீட்டில் பன்னிரண்டு வயதைக் கடந்த பெண் பிள்ளை இருக்கிறாளா? இருந்தால் அவளை மனதில் வைத்துக்கொண்டே இந்த வரலாற்றைப் படியுங்கள். அந்த வயதுப் பிள்ளைகளுக்காகவே உழைத்து, நாற்பத்து நான்கு வயதில் மறைந்த ஒரு கிராமத்துப் பெண்ணின் வரலாறு இது. அவர் பெரிய படிப்புப் படித்தவரல்லர். ஏறக்குறைய முப்பத்தைந்து வயது வரையில் அவருக்கு வாசிக்கத் தெரியுமேயன்றி எழுதத் தெரியாது. பட்டணம் பார்த்து வளர்ந்தவருமல்லர். ஆயினும் கிராமத்துப் பெண் பிள்ளைகளுக்கு என்ன தேவை என்பதை, பெரிய பள்ளிக்கூடங்களை நடத்திய பலரிலும் பார்க்க அவர் தெளிவாக அறிந்திருந்தார்.

திராட்சைத் தோட்டத்து மகள்

வட இத்தாலியில், பீட்மண்ட் பகுதியில், குன்றுகளுக்கு நடுவே மோர்னேசே என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே 1837ஆம் ஆண்டு மே மாதம் 9ஆந் திகதி மரிய தொமினிக்கா பிறந்தார். தந்தை யோசேப்பு மசரெல்லோ, தாய் மரிய மதலேனா கல்காஞ்ஞோ. தோட்ட வேலையே அவர்களின் சீவனம். பல பிள்ளைகள் பிறந்த அக் குடும்பத்தில் மரியாவே மூத்தவர். மூத்த பெண் பிள்ளை என்றால் என்ன பொருள் என்பது நம் குடும்பங்களில் எவருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தம்பி தங்கையரைத் தூக்கி வளர்ப்பதும், அடுப்படியில் தாய்க்கு உதவுவதும், பொழுது விடிந்தால் தோட்டத்துக்குப் போவதுமாக அவருடைய இளமை கழிந்தது.

மரியா சிறுமியாய் இருக்கும்போதே குடும்பம் ஊரைவிட்டுச் சற்றுத் தொலைவிலுள்ள வல்பொனாஸ்கா என்னும் தோட்ட வீட்டுக்குக் குடியேறியது. சுற்றிலும் திராட்சைக் கொடிகள். மரியா நல்ல உடற்பலம் உள்ளவர். தோட்டத்தில் அவர் வேலை செய்யும் வேகத்துக்குத் தங்களால் ஈடுகொடுக்க முடியவில்லை என்று கூலிக்கு வந்த ஆண்களே தந்தையிடம் முறையிட்டார்களாம். வாசிக்கவும் ஞானோபதேசம் கற்கவும் தந்தையே அவருக்கு உதவினார். கோவிலில் ஞானோபதேசப் போட்டி நடந்தால், ஆண் பிள்ளைகளுக்குப் பின்னே நிற்க அவர் ஒருபோதும் சம்மதித்ததில்லை.

இருள் பிரியுமுன் எழுந்து, மேடும் பள்ளமுமான பாதையில் நடந்து, ஊர்க் கோவிலில் திருப்பலி கண்டு, வேலை தொடங்குமுன் திரும்பிவிடுவது அவர் வழக்கம். மழையும் பனியும் அவரைத் தடுத்ததில்லை. மாலையில் போக முடியாது. ஆகவே வீட்டின் சாளரமொன்றில் நின்று, தொலைவில் தெரியும் கோவிலை நோக்கிச் செபிப்பார். அந்தச் சாளரத்தை மோர்னேசேக்குச் செல்லும் யாத்திரிகர் இன்றும் தேடிச்சென்று பார்க்கின்றனர்.

அந்த ஊரிலேயே பிறந்து அங்கேயே பணிபுரிந்த தொமினிக்கோ பெஸ்தரீனோ என்னும் குருவானவர் மரியாவுக்கு ஞான வழிகாட்டியாய் இருந்தார். 1855ஆம் ஆண்டில் அவருடைய ஆதரவில், ஆஞ்செலா மக்காஞ்ஞோ என்ற இளம் ஆசிரியையின் முயற்சியால், அமலோற்பவ மரியின் புதல்வியர் என்னும் சிறு சங்கம் அங்கே தோன்றியது. உறுப்பினர் கன்னியர் மடத்தில் வாழ்வதில்லை. தத்தம் வீட்டிலேயே இருந்து, தம்மை இறைவனுக்குக் கையளித்து, ஊரில் நற்பணி செய்வார்கள். முதலில் சேர்ந்த சிலருள் மரியாவும் ஒருவர். அப்போது அவருக்கு வயது பதினெட்டு.

பலம் போன பின்

1858ஆம் ஆண்டில் வல்பொனாஸ்கா வீட்டில் திருடர் புகுந்து, குடும்பம் சேமித்து வைத்திருந்த பணத்தைக் கொண்டுபோய்விட்டனர். அதன்பின் குடும்பம் ஊருக்குள் வந்து குடியேறிற்று. இரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1860ஆம் ஆண்டில் கொடிய தொற்றுக் காய்ச்சல் ஒன்று மோர்னேசேயைப் பற்றிக்கொண்டது. மரியாவின் சிறிய தந்தை வீட்டில் பலர் படுக்கையில் விழுந்தனர். அவர்களைப் பராமரிக்க ஆளில்லை. அங்கு போக முடியுமா என்று பெஸ்தரீனோ சுவாமியார் மரியாவைக் கேட்டார். பெற்றோர் கலங்கினர். போ என்றும் தந்தை சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. போனால் தமக்கும் அந்நோய் தொற்றும் என்று மரியா நன்றாக உணர்ந்திருந்தார். உணர்ந்துகொண்டே போனார்.

நோயாளர் எழுந்து நடமாடினர். மரியா படுக்கையில் விழுந்தார். அவ்வாண்டு ஆகஸ்ட் 15ஆந் திகதி, மாதாவின் விண்ணேற்புப் பெருவிழா நாளன்று காய்ச்சல் கண்டது. சாவின் வாசல் வரை சென்று, ஐப்பசி மாதத்தில்தான் எழுந்து நடக்கத் தொடங்கினார். ஆனால் பழைய உடற்பலம் திரும்பி வரவேயில்லை. ஆண்களையும் முந்தி வேலை செய்த அந்தக் கைகளால் இனி மண்வெட்டி பிடிக்க முடியாது. வயது இருபத்து மூன்று. தோட்ட வேலையன்றி வேறொன்றும் அறியாத ஒரு பெண், தோட்ட வேலைக்கு உதவாதவளாகிவிட்டாள்.

வாசகரே, இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். தன் கையில் தொழிலொன்றும் இல்லாமற்போவது ஒரு பெண்ணுக்கு எத்தகைய இக்கட்டு என்பதை மரியா எந்தப் புத்தகத்திலிருந்தும் கற்கவில்லை. தம் உடலிலேயே அனுபவித்துக் கற்றார். அதன்பின் ஊர்ப் பெண் பிள்ளைகளை அவர் பார்த்த பார்வையே வேறாயிற்று. எழுத்தறிவு குறைவு, கையில் தொழிலில்லை, உழைப்பதற்கு உடலைத் தவிர வேறு முதலில்லை. அவர்களின் நிலையும் தம்முடைய நிலையும் ஒன்றே என்று கண்டார்.

அந்நாட்களில் ஒருநாள், ஊரின் போர்கோஆல்தோ என்னும் மேட்டுப் பகுதியால் அவர் நடந்து செல்கையில், முன்னர் அங்கில்லாத ஒரு பெரிய கட்டிடமும், அதன் முற்றத்தில் ஏராளமான பெண் பிள்ளைகளும் தம் கண்முன் தோன்றக் கண்டாரென்றும், இவர்களை உன்னிடம் ஒப்படைக்கிறேன் என்று ஒரு குரல் தமக்குச் சொல்லக் கேட்டாரென்றும் அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுவர். அதைப் பற்றி அவர் பலரிடம் பேசிக்கொள்ளவில்லை. மாறாக, தையல் கற்கப் புறப்பட்டார்.

தையற்காரனிடம் இரு மாணவிகள்

மரியாவுக்கு உற்ற தோழி ஒருத்தி இருந்தாள். பெயர் பெத்ரொனில்லா. அவளுடைய குடும்பப் பெயரும் மசரெல்லோதான். ஆனால் இருவரும் உடன்பிறந்தவர்கள் அல்லர். ஒருநாள் வழியில் நடந்து செல்கையில் மரியா தம் எண்ணத்தை அவளிடம் திறந்து சொன்னார். இருவரும் தையல் கற்போம். நன்கு கற்றபின் ஊர்ப் பெண் பிள்ளைகளுக்குக் கற்பிப்போம். தையலைச் சாட்டாக வைத்து அவர்களை ஒன்று சேர்த்து, தீமைக்கு விலக்கி, நல்வழியில் வளர்ப்போம். தோழி மறுப்புச் சொல்லவில்லை.

வலந்தீனோ காம்ப்பி என்பவர் ஊரின் தையற்காரர். இருபது வயதைக் கடந்த இவ்விரு பெண்களும் சிறு பிள்ளைகளைப் போல அவர் கடையில் போய் உட்கார்ந்து, துணி வெட்டவும் தைக்கவும் கற்றனர். ஊரார் சிலர் நகைத்தனர். பின்னர் அவர்கள் ஓர் அறையை ஒழுங்குசெய்து பெண் பிள்ளைகளை அழைத்தனர். முதலில் வந்தவர் சிலர். சில காலத்தில் அறை போதாமற் போயிற்று.

அந்த அறையில் நடந்ததைச் சற்றுக் கவனியுங்கள். நூல் கோப்பது, அளவெடுப்பது, துணியை வீணாக்காமல் வெட்டுவது, கிழிந்ததைச் சீராக்குவது, சொன்ன நேரத்தில் வேலையை முடித்துக் கொடுப்பது ஆகியவற்றைப் பிள்ளைகள் பழகினர். அத்துடன் நேரத்துக்கு வருதல், சுத்தமாயிருத்தல், பொய் சொல்லாதிருத்தல், ஒருவரையொருவர் ஏசாதிருத்தல், தவறு செய்தால் ஒப்புக்கொள்ளுதல் என்பவற்றையும் பழகினர். இடையிடையே செபமும் பாட்டும், சற்று மௌனமும் இருந்தன. ஒவ்வொரு தையலும் இறைவன்மீதுள்ள அன்பின் அடையாளமாய் அமையட்டும் என்று மரியா அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். நெடுநேரம் செபத்தில் முழங்காலில் நிற்க முடியாத ஏழைப் பிள்ளைகளுக்கு அவர் காட்டிய ஞான வழி அது. வேலையும் செபமும் வேறுவேறல்ல என்பதை அவர்கள் ஊசிமுனையில் கற்றனர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தையல் இல்லை. அன்று கோவில், ஞானோபதேசம், அதன்பின் விளையாட்டும் உலாவும். தவக்காலத்துக்கு முந்திய களியாட்ட நாட்களில் ஊரில் ஆட்டமும் குடியும் மிகுந்திருக்கும். மற்றவர்களாயின் பிள்ளைகளை அறைக்குள் பூட்டியிருப்பார்கள். மரியாவோ தம்மிடமே அவர்களைச் சேர்த்து, ஆடவும் பாடவும் விளையாடவும் இடங்கொடுத்தார். மகிழ்ச்சியைத் தடைசெய்தால் பிள்ளை அதை வேறிடத்தில் தேடிப்போவாள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

1863ஆம் ஆண்டளவில், மனைவியை இழந்த ஓர் ஊர் சுற்றும் வியாபாரி மரியாவிடம் வந்தான். தன் சிறு பெண் பிள்ளைகள் இருவரையும் இரவும் பகலும் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று கெஞ்சினான். மரியா அவர்களை ஏற்றுக்கொண்டார். படுக்கைக்கும் மாவுக்கும் அயலவர் வீடுகளில் கேட்டு வாங்கினார். இவ்வாறு தையல் அறையோடு ஒரு சிறிய விடுதியும் தோன்றியது.

எல்லாரும் இதைப் புகழ்ந்தார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். படிப்பில்லாத இரு பெண்கள் எவ்வளவு தூரம் போகப்போகிறார்கள் என்று பேசியோர் பலர். சங்கத்துப் பெண்கள் சிலருக்கே மனக்குறை. வீட்டிலிருந்தே இறைபணி செய்வதாகத்தானே பேச்சு, இதென்ன புது வழக்கம் என்று அவர்கள் கேட்டனர். மரியா வாதாடவில்லை. மறுநாட் காலையிலும் அறையைத் திறந்துவைத்தார்.

டொன் பொஸ்கோ வருகிறார்

துரின் நகரில் ஏழைச் சிறுவர்களுக்குத் தொழிலும் கல்வியும் கொடுத்துவந்த டொன் பொஸ்கோ அடிகளாரை நீங்கள் அறிவீர்கள். 1864ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் அவர் தம் சிறுவர்கள் புடைசூழ மோர்னேசேக்கு வந்தார். பெஸ்தரீனோ சுவாமியார் ஏற்கெனவே அவருடைய நண்பர். மாலையில் அடிகளார் சிறுவர்களுக்கு உரையாற்றும்போது மரியாவும் அருகே போய் நின்று கேட்டார். அவர் ஒரு புனிதர் என்று தம் உள்ளம் சொல்வதாக, தடுத்தவர்களிடம் மரியா பதிலிறுத்தார். சிறுவர்களுக்காக அவர் செய்துவந்ததையே மரியா சிறுமிகளுக்காகச் செய்துகொண்டிருந்தார். ஒருவரையொருவர் அறியாமலே இருவரும் ஒரே வயலில் உழுதிருந்தனர்.

இவ்வேளையில் மோர்னேசே மக்கள் தங்கள் ஆண் பிள்ளைகளுக்கு ஒரு கல்லூரி வேண்டுமென்று விரும்பினர். போர்கோஆல்தோவில் கட்டிடம் எழுந்தது. ஊரார் கல் சுமந்தனர், பணம் கொடுத்தனர், கூலியின்றி உழைத்தனர். ஆனால் அங்கே ஆண்களுக்கான கல்லூரி நடத்த மறைமாவட்டத்தின் அனுமதி கிடைக்கவில்லை. இதற்கிடையில், பெண் பிள்ளைகளின் கல்விக்காக ஒரு கன்னியர் சபையைத் தொடங்க டொன் பொஸ்கோ தீர்மானித்திருந்தார். அதற்கு அடித்தளமாக மரியாவையும் அவர் தோழியரையுமே தெரிந்துகொண்டார். 1872ஆம் ஆண்டில் அக் கட்டிடம் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது.

ஊரார் கொதித்தெழுந்தனர். ஆண் பிள்ளைகளுக்கென்று வியர்வை சிந்திக் கட்டிய வீட்டைப் பெண்களுக்குக் கொடுப்பதா என்று கேட்டனர். தங்கள் மகன்மாருக்குப் படிப்பு வேண்டுமென்று ஆசைப்பட்ட ஏழைப் பெற்றோரின் கோபம் அது. அதை நாம் இலேசாகப் பழிக்க முடியாது. ஆனால் அந்த ஏமாற்றத்தின் சுமை, அதைச் செய்யாத மரியாவின் தோள்மேல் விழுந்தது. முன்னர் வாழ்த்திய அயலவர் முகந்திருப்பினர். மோர்னேசேயின் மகளாகிய அவர் தம் சொந்த ஊரில் அந்நியரைப் போல வாழவேண்டியதாயிற்று.

எழுதக் கற்ற தலைவி

அவ்வாண்டு ஜனவரி 29ஆந் திகதி, தலைவியைத் தெரிவுசெய்ய இருபத்தேழு பெண்கள் கூடினர். அவர்களுள் இருபத்தொருவர் மரியாவின் பெயரையே சொன்னார்கள். தமக்குத் தகுதியில்லை என்று அவர் மன்றாடினார். கன்னி மரியாளே இவ்வீட்டின் உண்மையான தலைவி, தாம் அவருக்குப் பதிலாள் மட்டுமே என்றார். ஒவ்வோர் இரவும் வீட்டின் திறப்பை மாதாவின் திருவுருவத்தின் பாதத்தில் வைப்பது அவர் வழக்கமாயிற்று. 1872ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆந் திகதி, அக்குயி ஆயர் ஷாந்திரா ஆண்டகையின் முன்னிலையில் முதற் பதினொரு சகோதரிகளும் வார்த்தைப்பாடு கொடுத்தனர். சகாய மரியின் புதல்வியர் சபை அன்று பிறந்தது. நாம் சலேசியக் கன்னியர் என்று அழைப்பவர்கள் இவர்களே.

தலைவியான பின் மரியா செய்த முதற் காரியங்களுள் ஒன்று, எழுதக் கற்றது. தம்மிலும் இளைய சகோதரிகளின் அருகே அமர்ந்து, சிறு பிள்ளையைப் போல எழுத்துக்களைப் பழகினார். அவர் எழுதிய கடிதங்களுள் அறுபத்தெட்டு இன்றும் கிடைக்கின்றன. எழுத்துப் பிழைகள் நிறைந்த அக் கடிதங்கள் தாயின் பரிவும் நிறைந்தவை. கற்க வயதில்லை, கற்பதில் வெட்கமுமில்லை என்பதைப் பிள்ளைகள் தங்கள் தலைவியிடமே கண்டனர். எமிலியா மோஸ்கா போன்ற படித்த இளம் சகோதரிகளிடம் பள்ளிக்கூடப் பொறுப்பை ஒப்படைத்தார். தகுதியுள்ளோரை ஆசிரியப் பரீட்சைக்கு ஆயத்தப்படுத்தினார். தமக்குத் தெரியாததைத் தெரிந்தவர்களைக் கண்டு அவர் பொறாமைப்படவில்லை.

வீட்டில் வறுமை கடுமையாக இருந்தது. சோளமாக் களியும், காட்டுக் கொட்டைகளும், சிறிதளவு பாணுமே பல நாட்களின் உணவு. சகோதரிகள் ஆற்றுக்கு இறங்கி உடுப்புத் தோய்த்தனர், விறகு பொறுக்கினர். உடல் தாங்காமல் இளவயதிலேயே சிலர் மரித்தனர். 1874ஆம் ஆண்டு மே மாதம் பெஸ்தரீனோ சுவாமியாரும் திடீரெனக் காலமானார். அத்தனைக்கும் நடுவே அவ்வீட்டில் சிரிப்பொலி ஓயவில்லை என்று அங்கே வாழ்ந்தவர்கள் சாட்சி கூறினர். சகோதரிகளின் முகவாட்டத்தைக் கண்டால் மரியா தாயார் காரணம் கேளாமல் விடுவதில்லை.

1877ஆம் ஆண்டு நவம்பரில், ஆறு சகோதரிகள் ஜெனோவாத் துறைமுகத்தில் கப்பலேறி உருகுவே நாட்டுக்குப் புறப்பட்டனர். திராட்சைத் தோட்டத்தில் வளர்ந்த பெண்கள் பெருங்கடல் கடந்து சென்றார்கள். 1879ஆம் ஆண்டில் சபையின் தலைமை வீடு மோர்னேசேயிலிருந்து நீட்சா மொன்பெராத்தோ என்னும் ஊருக்கு மாற்றப்பட்டது. பிறந்த ஊரைப் பிரிவது மரியாவுக்குப் பெருந்துயராயிருந்தது. ஆயினும் பணி எங்கே வளரமுடியுமோ அங்கே போகவேண்டும் என்று துணிந்தார்.

1881ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கப்பலேறும் சகோதரிகளை வழியனுப்புவதற்காகப் பிரான்சு வரை சென்ற இடத்தில் அவர் நோயுற்றார். சுகம் கிடைக்குமா என்று அவர் கேட்டபோது, டொன் பொஸ்கோ ஒரு சிறு கதையின் மூலம் முடிவு நெருங்கியதை உணர்த்தினார். மரியா அதைப் புரிந்துகொண்டார். நீட்சாவுக்குத் திரும்பி, மே மாதம் 14ஆந் திகதி சனிக்கிழமை அதிகாலையில் உயிர் நீத்தார். மரணப் படுக்கையிலும் மாதாவின் பாடலைப் பாட முயன்றாராம். அப்போது சபைக்கு இத்தாலியிலும் பிரான்சிலும் தென் அமெரிக்காவிலுமாக இருபத்தைந்துக்கும் மேற்பட்ட இல்லங்கள் இருந்தன. 1951ஆம் ஆண்டு ஜூன் 24ஆந் திகதி பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைப் புனிதையாக உயர்த்தினார்.

1922ஆம் ஆண்டில் அவருடைய சகோதரிகள் தஞ்சாவூரில் வந்திறங்கினர். நம் தமிழ் பேசும் பிள்ளைகளும் அதன்பின் அவர்களிடம் கற்றனர். இன்று தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடுகளில் அவர்கள் பணிபுரிகின்றனர்.

பெற்றோருக்கு ஒரு சொல்

கிராமத்துப் பெண் பிள்ளைகளுக்கு வாழ்க்கைத் திறன் பயிற்சி வேண்டுமென்று இன்று எங்கும் பேசப்படுகிறது. நல்ல முயற்சிதான். அந்தப் பெயர் தோன்றுவதற்கு நெடுங்காலத்துக்கு முன்னரே, மோர்னேசேயின் சிறு அறையொன்றில் அது நடந்தது. அங்கே மரியா பிள்ளைகளுக்குத் தருமம் கொடுக்கவில்லை. தருமம் கொடுக்க அவரிடம் பணமும் இருக்கவில்லை. கைக்கொரு தொழிலையும், மனத்துக்கு உறுதியையும், அச்சமின்றிச் சிரித்துப் பேச ஓர் இடத்தையும் கொடுத்தார். இம்மூன்றையும் ஒன்றாகக் கொடுத்ததே அவருடைய சிறப்பு. தொழில் மட்டும் தெரிந்த பிள்ளையைப் பிறர் ஏமாற்றுவர். உறுதி மட்டும் உள்ள பிள்ளை பசியால் வருந்துவாள். மனம் விட்டுப் பேச இடமில்லாத பிள்ளையோ தன் துன்பத்தை எவருக்கும் சொல்லாமல் மறைப்பாள்.

ஆகவே பெற்றோரே, உங்கள் மகளுக்கு நகையும் சீதனமும் சேர்ப்பதைப் பற்றி எண்ணும்போது இதையும் எண்ணுங்கள். நாளைக்கு நோயோ இழப்போ இடம்பெயர்வோ வந்தால், அவள் தன் கையால் உழைத்துப் பிழைக்க ஒரு தொழில் அறிவாளா? கணக்கைப் பார்த்து, கடிதத்தை எழுதி, வேண்டாததை வேண்டாமென்று சொல்லும் துணிவு அவளுக்கு உண்டா? அவளுடைய கவலையைக் கேட்க வீட்டில் எவராவது நேரம் ஒதுக்குகிறீர்களா? மகனின் படிப்புக்காக மகளின் படிப்பை நிறுத்த நேர்ந்தால், மோர்னேசே ஊராரின் கோபத்தையும், அக் கோபத்தைப் பொறுமையோடு தாங்கிய மரியாவையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இளம் பெண் பிள்ளைகளே, உங்களுக்கும் ஒன்று. இருபத்து மூன்று வயதில் எல்லாம் முடிந்துவிட்டதென்று மரியா இருந்துவிடவில்லை. தையற் கடையில் போய்ச் சிறு பிள்ளைபோல அமர்ந்தார். முப்பத்தைந்து வயதில் எழுதுகோலைப் பிடித்தார். கற்ற அன்றே அதைத் தோழிக்கும் அயற்பிள்ளைக்கும் கற்பிக்க ஆசைப்பட்டார். நீங்கள் இன்று எதைக் கற்கிறீர்களோ, அதை உங்கள் ஒழுங்கையில் வாழும் இன்னொரு பிள்ளைக்கும் சொல்லிக்கொடுங்கள். மே மாதம் 13ஆந் திகதி அவர் திருநாள் வரும்போது, திருப்பலி முடிந்து வீடு திரும்பும் வழியில் அந்தப் பிள்ளையையும் கூட அழைத்து வாருங்கள்.